ஈறில் ரத்தம் வந்தால் எதிர்ப்பு சக்தி குறைவு என்று அர்த்தமா?

ஜனவரி 6, 2024 (வாசகர் கேள்வி)

பல் தேய்க்கும்போது நுரை சிவப்பாக வருகிறது, ஒரு மாதமாக. எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் "உடம்புல எதிர்ப்பு சக்தி குறைஞ்சுபோச்சு, கிருமி ஈறைத் தின்னுது" என்று சொல்லி நெல்லிக்காய் லேகியம் ஒரு டப்பா கொடுத்தார். சக்தி ஏறினால் ரத்தம் நிற்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 6, இரவு

நிற்காது. லேகியத்தைச் சாப்பிடுங்கள், கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் அவர் சொன்னது பாதிக்கு மேல் தலைகீழ். ஈறு சிவப்பது, வீங்குவது, பிரஷ் பட்டால் கசிவது எல்லாம் பெரும்பாலும் கிருமியைப் பார்த்து நம் செல்களே போடும் கூச்சலின் விளைவு. அந்தக் கூச்சலுக்கு ரத்தக்குழாய்கள் விரிகின்றன, வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன, பல்லை ஒட்டிய உள்பக்கத்து மெல்லிய தோல் புண்ணாகிறது, அங்கே தொட்டால் ரத்தம். எதிர்ப்பு சக்தி தூங்கிப்போன ஆளுக்கு இவ்வளவு வீக்கம் வராது.

நான் பல் டாக்டர் இல்லை. சென்னையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் மூன்று வருடம் ஈறு செல் வளர்த்தவன், அவ்வளவுதான். ஞானப்பல் எடுக்கும்போது கூடவே வரும் ஈறுத் துண்டு, அரிசி அளவுதான் இருக்கும், அதைக் கழுவி, பிளேடால் பொடிப்பொடியாக நறுக்கி, பிளாஸ்டிக் தட்டில் ஒட்டவைத்து, ரோஸ் நிறத் திரவத்தை ஊற்றி 37 டிகிரியில் வைத்துவிடுவோம். முதல் வாரம் ஒன்றும் நடக்காது. அப்புறம் ஒருநாள் காலையில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் துண்டின் ஓரத்திலிருந்து நீளநீளமான செல்கள் ஊர்ந்து வெளியே வந்திருக்கும். ஃபைப்ரோபிளாஸ்ட், ஈறின் நாரைப் பின்னுகிற செல். கூட்டமாக நிற்கும்போது ஒரே திசையில் திரும்பிய அயிரை மீன் கூட்டம் மாதிரி இருக்கும்.

அதன்மேல் பாக்டீரியாச் சரக்கைத் துளி விட்டு, ஒரு நாள் கழித்து மேலே நிற்கும் திரவத்தை எடுத்துச் சோதித்தால் ஐ.எல். 6, ஐ.எல். 8 என்ற அலாரப் புரதங்கள் கொட்டிக் கிடக்கும். சோதனைக் குழியில் முதலில் நீலம் வரும், அமிலம் விட்டதும் மஞ்சள். மஞ்சள் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு கூச்சல். இத்தனைக்கும் அந்தத் தட்டில் ஒரு வெள்ளணுகூட இல்லை. நார் பின்னுகிற செல்லுக்கே கிருமியை அடையாளம் தெரிகிறது என்பதுதான் எனக்கு முதல் வருடம் பெரிய ஆச்சரியம்.

ஒரு எச்சரிக்கை: ரத்தத்தை இளக்கும் மாத்திரை, கர்ப்பம், ரத்தப் புற்றுநோய், வைட்டமின் சி பஞ்சம், இவற்றாலும் ஈறு கசியும். ஒரு மாதம் ஆகிவிட்டதால் டாக்டரிடம் வாயைக் காட்டிவிடுங்கள். (வைட்டமின் சி பஞ்சம் என்றால் நெல்லிக்காய் நிஜமாகவே கைகொடுக்கும். கடைக்காரருக்கு அந்த ஒரு வழி மட்டும் விட்டுவைக்கிறேன்.)

ஜனவரி 7

"எப்படி அடையாளம் தெரிகிறது, கண்ணா இருக்கிறது" என்று ஒருவர் கேட்கிறார். கை இருக்கிறது. செல்லின் தோலில் நீட்டிக்கொண்டு நிற்கும் புரதங்கள், ஏற்பி என்று பாடப்புத்தகம் சொல்லும். பாக்டீரியாவிடம் மட்டும் இருக்கிற, நம் உடம்பில் எங்குமே இல்லாத பொருள்களைத் தடவிப் பார்த்து "இது நம்ம வீட்டுச் சாமான் இல்லை" என்று சொல்வதுதான் அதன் வேலை.

கதை ஈயில் தொடங்குகிறது. பழத்தை மொய்க்கும் சின்ன ஈயில் ஒரு மரபணு கெட்டால் புழு கோணல்மாணலாக வளர்வதை ஜெர்மனியில் நுஸ்லைன்-வோல்ஹார்ட் பார்த்து "டோல்!" என்றாராம். ஜெர்மனில் "அட, பிரமாதம்" என்கிற மாதிரி. பெயர் ஒட்டிக்கொண்டது. 1996இல் பிரான்சில் ஹாஃப்மன் குழு அதே டோல் இல்லாத ஈ பூஞ்சை பிடித்துச் செத்துப்போவதைக் காட்டியது. 1998இல் அமெரிக்காவில் பாய்ட்லர், எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நஞ்சுக்கு அசைந்துகொடுக்காத ஒரு எலி வகையில் கெட்டிருப்பது டோல் மாதிரியான ஒரு ஏற்பி, சுருக்கமாக டி.எல்.ஆர். 4, என்று பிடித்தார். 2011 நோபல் பரிசில் இரண்டு பேருக்கும் பங்கு கிடைத்தது. மனிதனுக்கு இந்த வகையில் 10 உண்டு. ஈறு விஷயத்தில் 2, 4 இரண்டையும் பற்றித்தான் சண்டை அதிகம்.

ஜனவரி 7, பிறகு

விட்டுப்போனது. ஈறு என்பது ஒரே சரக்கு இல்லை. மேல்தோல் செல்கள் வேறு, அடியில் இருக்கும் நான் வளர்த்த நார் செல்கள் வேறு. மேல்தோல் நாள் முழுக்கக் கிருமிக் கும்பலில் நிற்கிறது. அது எல்லாவற்றுக்கும் கத்தினால் நாம் சோறு தின்ன முடியாது. அதனால் பாக்டீரியாவின் வெளிப்பூச்சான எல்.பி.எஸ். என்கிற கொழுப்புச் சர்க்கரைக்கு அது மந்தம். அதை டி.எல்.ஆர். 4இன் கையில் எடுத்துக்கொடுக்கும் உதவியாள்கள் சி.டி. 14, எம்.டி. 2 இரண்டும் மேல்தோலில் குறைவு. அடியிலுள்ள நார் செல்லிடம் அவை இருக்கின்றன. வாசலில் நிற்கும் வாட்ச்மேன் எல்லோரையும் பார்த்துச் சல்யூட் அடிக்கிறார், கொல்லைப்புறத்து ஆயாதான் ஊரைக் கூட்டுகிறார். கிருமி அடிவரை இறங்கியிருந்தால்தான் விஷயம் விபரீதம் என்பதால் இது ஒருவகையில் நியாயமான ஏற்பாடு.

மேல்தோல் சும்மாவும் இல்லை. டிஃபென்சின் என்ற கிருமிக்கொல்லிப் புரதத்தைச் சுரக்கும். வாயில் சாதாரணமாகக் குடியிருக்கும் ஃபியூசோபாக்டீரியம் பட்டாலே அது சுரக்க ஆரம்பித்துவிடும். வலியும் இல்லாமல் வீக்கமும் இல்லாமல், எந்த நோயும் இல்லாத ஈறு வழியாக நிமிடத்துக்குச் சுமார் 30,000 நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் வாய்க்குள் வந்துகொண்டிருக்கின்றன என்று ஒரு பழைய கணக்கு உண்டு. இதைப் படித்து முடிப்பதற்குள் எத்தனை என்று பெருக்கிக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை கணக்குப் போட்டுவிட்டு அன்று மதியச் சாப்பாட்டைப் பாதியில் வைத்தேன்.

ஜனவரி 9

இனி வில்லன். பார்ஃபைரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ் என்ற ஈறு பாக்டீரியா. இனிமேல் ஜிஞ்ஜி என்கிறேன், செஞ்சிக்காரர்கள் கோபிக்க வேண்டாம்.

வயிற்றுக் கிருமி ஈ. கோலையின் எல்.பி.எஸ்.ஸை என் செல்கள்மேல் விட்டால் துளிக்கே மஞ்சள் கொட்டும். ஜிஞ்ஜியின் சரக்கை அதைவிடப் பல மடங்கு கூடுதலாக விட்டாலும் வெளிர் மஞ்சள்தான் வரும். முதலில் சரக்கு பழசோ என்று நினைத்தேன். பிறகுதான் படித்தேன். ஈ. கோலையின் எல்.பி.எஸ்.ஸுக்கு அடியில் ஆறு கொழுப்பு வால்கள். அதில் ஐந்து, டி.எல்.ஆர். 4ஓடு ஒட்டி நிற்கும் எம்.டி. 2இன் பொந்துக்குள் போய்விடும், ஆறாவது வெளியே துருத்திக்கொண்டு நின்று இன்னொரு டி.எல்.ஆர். 4ஐ இழுத்துச் சேர்க்கும். இரண்டு கைகள் சேர்ந்தால்தான் அலாரம். ஜிஞ்ஜிக்கு ஐந்து வால் இருக்கும், சில சமயம் நான்குதான். நான்கு வாலுடையது பொந்தை அடைத்து உட்கார்ந்துகொள்ளும், அலாரமும் அடிக்காது, ஆறு வால்காரன் வந்தாலும் இடம் கிடையாது. பஸ்ஸில் கைக்குட்டை போட்டு சீட் பிடிக்கிற வேலை.

இந்த உத்தியையே மருந்தாக்கலாம் என்று எரிடோரன் என்ற நான்கு வால் மூலக்கூறு செய்து ரத்தநஞ்சு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சாவு குறையவில்லை, 2013இல் முடிவு வந்தது. கிருமிக்குப் பலித்தது கம்பெனிக்குப் பலிக்கவில்லை.

இதில் எனக்குத் தூக்கம் கெட்ட இடம் ஒன்று உண்டு. எத்தனை வால் என்பதை ஜிஞ்ஜி சூழலைப் பார்த்து மாற்றிக்கொள்கிறது. ரத்தத்திலுள்ள ஹீமின் என்ற இரும்புப் பொருள் நிறையக் கிடைத்தால் நான்கு வால் வகையைக் கூட்டுகிறது என்று சியாட்டிலில் டார்வோ குழு 2006 வாக்கில் காட்டியது. அதாவது ஈறு கசியக் கசிய, அதற்குச் சாப்பாடும் கிடைக்கிறது, முகமூடியும் கிடைக்கிறது. எனக்கு அன்று முதல் பேசினில் சிவப்பு நுரையைப் பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது.

டி.எல்.ஆர். 4 ஏமாந்தாலும் டி.எல்.ஆர். 2 ஜிஞ்ஜியின் எல்.பி.எஸ்.ஸைப் பிடித்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 10

சும்மா பேசுவானேன். இன்றிலிருந்து இரண்டு வாரத்துக்கு இடது பக்கக் கீழ் கடைவாய்ப் பற்கள் மூன்றை மட்டும் தேய்க்கப்போவதில்லை. வலது பக்கம் வழக்கம்போல. இது என் யோசனை இல்லை. 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஹாரல்ட் லோ என்ற நார்வேக்காரர் 12 பேரைப் பல் தேய்க்காமல் இருக்கச் சொன்னார், பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள். 10 முதல் 21 நாளுக்குள் பன்னிரண்டு பேருக்குமே ஈறு வீங்கியது. தேய்க்க ஆரம்பித்ததும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் சரியானது. பல்லில் படியும் கிருமிப் படலம்தான் காரணம் என்பதை மறுக்க முடியாமல் செய்த சோதனை அது.

நீங்கள் யாரும் செய்ய வேண்டாம். சர்க்கரை நோய் இருப்பவர்கள் நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். மனைவியிடம் சொல்லவில்லை.

ஜனவரி 12

மனைவிக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாடி முன் நாக்கை ஒதுக்கிப் பிரஷ்ஷை வளைத்து வளைத்துத் தேய்ப்பவனை எத்தனை நாள் பார்க்காமல் இருப்பாள்.

ஜனவரி 14

ஒரு திருத்தம். 9ஆம் தேதிக் குறிப்பின் கடைசி வரியைப் படித்துவிட்டு என் பழைய ஆய்வகத் தோழி போனில் கிழித்தாள். "டேய், அதெல்லாம் அழுக்குச் சரக்குடா" என்றாள். அவள் சொன்னது சரி.

ஜிஞ்ஜியின் எல்.பி.எஸ். டி.எல்.ஆர். 2 வழியாக வேலை செய்கிறது என்று 2000க்குப் பிறகு பல வருடம் எல்லோரும் எழுதினார்கள், நானும் அதைத்தான் மனப்பாடம் செய்தேன். பாக்டீரியாவிலிருந்து எல்.பி.எஸ்.ஸைப் பிரிக்கும்போது கொழுப்புப் புரதங்கள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே வரும். டி.எல்.ஆர். 2 உண்மையில் பிடிப்பது அவற்றைத்தான், டி.எல்.ஆர். 1 அல்லது 6ஓடு கைகோத்து. ஜப்பானில் அந்த வால் பகுதியை மட்டும் ரசாயன முறையில் புதிதாகக் கட்டிச் சோதித்தபோது டி.எல்.ஆர். 4தான் அசைந்தது. கொழுப்புப் புரதங்களைப் பிரித்து எடுத்துவிட்டால் டி.எல்.ஆர். 2 வேலை காணாமல் போகிறது என்று பிற்பாடு வந்த வேலைகள் காட்டின. கடையில் இப்போதும் சாதாரணச் சரக்கு ஒரு புட்டி, அதிசுத்தம் ஒரு புட்டி என்று தனித்தனியாக விற்கிறார்கள். எங்கள் ஃப்ரிட்ஜில் இருந்தது எது என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். விலை குறைந்ததுதான்.

ஆனால் வாயில் யாரும் சுத்திகரித்த எல்.பி.எஸ்.ஸைத் தடவுவதில்லை. முழுக் கிருமி வந்து நிற்கிறது, கொழுப்புப் புரதம், சுவரின் துண்டு, நூல் மாதிரி நீட்டும் ஃபிம்பிரியா எல்லாவற்றோடும். அப்போது டி.எல்.ஆர். 2க்கு நிஜமாகவே பெரிய பங்கு உண்டு. அது இல்லாத எலியில் ஜிஞ்ஜியால் எலும்பைக் கரைக்க முடிவதில்லை. ஆக நான் சொன்ன முடிவு பிழைத்தது, சொன்ன காரணம் தப்பு. இப்படிப் பிழைப்பது தேர்வில் மட்டும் மார்க் வாங்கும்.

ஜனவரி 15

அழுக்குச் சரக்கு என்றதும் நினைவு வந்தது. இரண்டாவது வருடம் இரண்டு மாதம் என் சோதனை எல்லாம் குப்பை. எதுவுமே சேர்க்காத, வெறும் திரவம் மட்டும் வைத்த செல்களும் மஞ்சளாகக் கத்தின. செல் கெட்டுவிட்டது என்றார் ஒருவர். பூஞ்சை என்றார் இன்னொருவர். தட்டில் பார்த்தால் கண்ணாடி மாதிரி சுத்தம், ஒரு கிருமி இல்லை. கடைசியில் கண்டுபிடித்தது யார் என்றால் கண்ணாடிச் சாமான் கழுவும் அக்கா. "தம்பி, அந்தப் பாட்டில்ல போன வாரம் தண்ணி நின்னு கொழகொழன்னு இருந்துச்சு, நல்லாக் கழுவித்தான் குக்கர்ல வச்சேன்" என்றார். குக்கர் என்பது ஆட்டோகிளேவ், 121 டிகிரி நீராவி. அது பாக்டீரியாவைக் கொல்லும், அதன் எல்.பி.எஸ்.ஸை ஒன்றும் செய்யாது. செத்த கிருமியின் சட்டை பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டே இருந்திருக்கிறது, என் செல்கள் அந்தச் சட்டையைப் பார்த்தே இரண்டு மாதம் கத்தியிருக்கின்றன.

இப்போது நான் ஊசிமருந்துத் தொழிற்சாலையில் தரச் சோதனையில் இருக்கிறேன். அங்கே கண்ணாடிக் குப்பியை 250 டிகிரி உலர்ந்த சூட்டில் அரை மணி வைப்பது இதே சட்டையை எரிக்கத்தான். வாய்க்கும் இது பொருந்தும். கிருமியைக் கொல்லும் வாய் கொப்புளிப்புத் திரவம் விட்டால் போதும் என்று நினைப்பவர்கள் கவனிக்க, செத்த படலத்தைத் தேய்த்து அகற்றாமல் அங்கேயே விட்டால் ஏற்பிக்கு அது செத்ததா உயிருள்ளதா என்று தெரியாது. பல்லில் இறுகிப்போன காரையைச் சுரண்டி எடுப்பதில் இருக்கும் சூட்சுமத்தில் இதுவும் ஒன்று.

ஜனவரி 18

"ஒரு கிருமி, ஒரு நோய், அதை ஒழித்தால் போச்சு, ஏன் சுற்றி வளைக்கிறீர்கள்" என்று கேட்டவருக்கு: 2011இல் ஹாஜிஷெங்கல்லிஸ், டார்வோ குழு எலியில் செய்ததைப் பாருங்கள். ஜிஞ்ஜியை எலி வாயில் விட்டார்கள். மொத்தக் கிருமிக் கூட்டத்தில் அதன் பங்கு 0.01 சதவீதத்துக்கும் கீழே. ஆனாலும் மற்ற கிருமிகள் பெருகின, கலவை மாறியது, எலும்பு கரைந்தது. பிறகு வேறு எந்தக் கிருமியும் இல்லாமல் வளர்த்த எலியின் வாயில் ஜிஞ்ஜியை மட்டும் விட்டார்கள். எலும்பு கரையவே இல்லை. ஜிஞ்ஜி தானாக ஒன்றும் பிடுங்குவதில்லை. காவலை மட்டும் கெடுத்துவிடுகிறது, கொள்ளையடிப்பது ஊர்க்காரர்கள்.

எப்படிக் கெடுக்கிறது என்பது ஒரு தனிக் கெட்டிக்காரத்தனம். நம் ரத்தத்திலுள்ள சி5 என்ற புரதத்தைத் தன் கத்திரி நொதியால் வெட்டி சி5ஏ ஆக்குகிறது. அது நம் உடம்பே போர்க்காலத்தில் செய்துகொள்கிற துண்டு, வெள்ளணுவின் ஏற்பியில் போய் உட்கார்ந்து "ஓடி வா" என்று சொல்லும். ஜிஞ்ஜி அந்தச் சமிக்ஞையையும் டி.எல்.ஆர். 2இன் சமிக்ஞையையும் ஒரே நேரத்தில் தூண்டிவிட, வெள்ளணுவுக்குள் இரண்டும் முட்டிக்கொள்கின்றன. வெள்ளணு வருகிறது, கத்துகிறது, வீங்கவைக்கிறது, ஆனால் விழுங்கிக் கொல்வதில்லை. சி5ஏ ஏற்பி இல்லாத எலியில் ஜிஞ்ஜியின் பாச்சா பலிக்கவில்லை.

இந்த வழியை அடைக்கப் பார்க்கிறார்கள். இதே வரிசையில் சி5க்கு மேலே இருக்கும் சி3ஐத் தடுக்கும் ஒரு மருந்தை ஈறில் ஊசியாகப் போட்ட இரண்டாம் கட்டச் சோதனையில் வீக்கமும் கசிவும் குறைந்ததாக 2021இல் முடிவு வந்தது. சந்தைக்கு வரும் வரை பிரஷ்தான்.

ஜனவரி 19

பல் மருத்துவ மாணவர் ஒருவரின் எதிர்வாதம் நியாயமானது. அவர் வார்த்தையில்: "நீங்கள் சொல்வது சரி என்றால், வெள்ளணுவே இல்லாத நோயாளிகளுக்கு ஈறு நோய் வரக்கூடாது. வருகிறதே, அதுவும் பால்பல் வயதிலேயே?"

வருகிறது. முதல் நாள் "எதிர்ப்பு சக்தி தூங்கிப்போன ஆளுக்கு இவ்வளவு வீக்கம் வராது" என்று நான் எழுதியது அவசரம், திரும்பப் பெறுகிறேன். நியூட்ரோஃபில் எண்ணிக்கை விழுந்த குழந்தைகள், எச்.ஐ.வி. முற்றியவர்கள், இவர்களுக்கு ஈறு மோசமாகவே போகும். மருந்துக்கடைக்காரருக்கு இன்னொரு கால் பங்கு மார்க்.

ஆனால் அந்த மாணவர் சொல்லும் நோய்களில் ஒன்றின் கதை நேராகப் போகவில்லை. வெள்ளணு ரத்தத்தில் ஏராளமாக இருந்தும், குழாய்ச் சுவரைப் பற்றிக்கொண்டு வெளியேற முடியாத ஒரு பிறவிக் குறை உண்டு. அந்தப் பிள்ளைகளின் ஈறில் நியூட்ரோஃபில் ஏறக்குறைய இருக்காது, சின்ன வயதிலேயே பல் கொட்டிவிடும். காவல் இல்லை, கிருமி தின்றுவிட்டது என்றுதான் நினைத்தார்கள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் மூட்சோபுலோஸ் குழு 2014இல் அந்த ஈறுகளைச் சோதித்தபோது ஐ.எல். 17 என்ற அலாரம் அளவுக்கு மேல் அடித்துக்கொண்டிருந்தது. நியூட்ரோஃபில் வந்து சேர்ந்தால்தான் "போதும், நிறுத்து" என்ற தகவல் போகும். அது வரவே இல்லை, அதனால் அலாரம் நிற்கவும் இல்லை. ஐ.எல். 23, 12 இரண்டையும் தடுக்கும் உஸ்டெகினுமாப் மருந்தை ஒரு நோயாளிக்குக் கொடுத்தபோது ஈறு வீக்கம் அடங்கியது, 2017இல் வெளியானது. எதிர்ப்பு சக்தி குறைந்த ஆளுக்கு, எதிர்ப்பு சக்தியை இன்னும் குறைத்துக் குணப்படுத்தினார்கள்! இதை லேகியக் கடையில் போய்ச் சொன்னால் அடிப்பார்கள்.

ஜனவரி 20

பதினோராம் நாள். இடது பக்கம் நூல் விட்டேன், இரண்டு இடுக்கில் சிவப்பு. வலது பக்கம் சுத்தம். பல்லோரத்து ஈறு வழக்கமாகக் கத்தி முனை மாதிரி மெல்லிசாக நிற்கும், இப்போது இட்லி ஓரம் மாதிரி உருண்டுவிட்டது. வாடையைப் பற்றிக் கருத்து சொல்ல வீட்டில் ஆள் இருக்கிறது.

ஜனவரி 24

நிறுத்திவிட்டேன். தேய்த்த முதல் இரண்டு நாள் ரத்தம் முன்பைவிட அதிகமாக வரும், அதைப் பார்த்துப் பயந்துதான் பலரும் அந்த இடத்தைத் தேய்ப்பதையே விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். விடக் கூடாது.

ஜனவரி 31

சரியாகிவிட்டது. கத்தி முனை திரும்பிவிட்டது.

"உங்களுக்கு 11 நாள், எனக்கு 4 நாளிலேயே வரும்" என்று ஒருவர். இருக்கலாம். சியாட்டில் குழுவே 2021இல் லோவின் சோதனையைத் திரும்பச் செய்து, வேகமாக வீங்குபவர், கொஞ்சமாக வீங்குபவர், தாமதமாக வீங்குபவர் என்று மூன்று வகை பிரித்தது. நான் மூன்றாவது போல. புகை பிடிப்பவர்கள் மட்டும் "எனக்கு ரத்தமே வரல" என்று சந்தோஷப்பட வேண்டாம். புகை கசிவைக் குறைத்துக் காட்டும், அடியில் எலும்பு போய்க்கொண்டே இருக்கும்.

பிப்ரவரி 3

மூன்று வகை என்றதும் ஒன்றை எழுதாமல் இருக்க முடியவில்லை.

லோ டென்மார்க்கோடு நிற்கவில்லை. 1970இல் இலங்கைக்குப் போனார். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்கள், 14 முதல் 31 வயது வரை, எல்லோரும் தமிழர்கள். பிரஷ் தெரியாது, பல் டாக்டர் தெரியாது. எல்லோர் பல்லிலும் படலம், காரை, எல்லோருக்கும் ஈறு வீக்கம், ஆனால் பல் சொத்தை அநேகமாக இல்லவே இல்லை. 15 வருடம் திரும்பத் திரும்பப் போய் மில்லிமீட்டர் கோடு போட்ட கம்பியை ஈறுக்குள் விட்டு அளந்தார்கள். ஒப்பிட ஆஸ்லோவில் படித்த 565 பேர். 1986இல் வெளியான முடிவு இன்றும் எல்லாப் பாடத்திலும் இருக்கிறது. 8 சதவீதம் பேருக்கு ஈறின் பிடிப்பு வேகமாக விட்டுக்கொண்டே போனது, 35 வயதில் சராசரி 9 மில்லிமீட்டர், 45இல் 13. 81 சதவீதம் நடுத்தரம், 35இல் 4, 45இல் 7. மீதி 11 சதவீதம் பேருக்கு, அதே அழுக்கு, அதே காரை, அதே வெற்றிலை, வீக்கத்தைத் தாண்டி ஒன்றுமே ஆகவில்லை. ஒரு மில்லிமீட்டர்கூடப் போகவில்லை.

படித்தபோது எண்களுக்கு முன்னால் எனக்கு எங்கள் தாத்தாதான் வந்து நின்றார். அம்மாவின் அப்பா. இலங்கையில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர், மலையகத் தமிழரில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்து கோத்தகிரியில் மறுபடி தேயிலையே பறித்தவர். அந்த ஆய்வில் அவர் இல்லை, அதற்குள் இந்தப் பக்கம் வந்துவிட்டார். ஆனால் வாய் அந்த வாய்தான். அடுப்புக்கரியால் விரலை விட்டு ஒரு தேய், அப்புறம் வெற்றிலை. ஒரு சொத்தை கிடையாது, கரும்பை அப்படிக் கடிப்பார். ஐம்பதைத் தொடுவதற்குள் ஒவ்வொன்றாக ஆட ஆரம்பித்தது. வலி இல்லை. ஒருநாள் சோற்றோடு சோறாக ஒரு முன்பல் தட்டில் விழுந்தது, முழுசாக, வேரோடு, ஒரு கீறல்கூட இல்லாமல். எடுத்துப் பார்த்துவிட்டு வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு மீதிச் சோற்றைச் சாப்பிட்டார். அவர் தம்பி, அதே லயம், அதே கரி, அதே வெற்றிலை, எண்பதிலும் முறுக்கு கடித்தார்.

வீட்டில் அதற்குச் சொன்ன விளக்கம்: "சின்ன தாத்தா பல்லு இரும்பு." பல் இரண்டு பேருக்கும் இரும்புதான். வித்தியாசம் பல்லைப் பிடித்திருந்த எலும்பில். எலும்பைக் கரைப்பது கிருமி இல்லை. நார் செல்லும் வெள்ளணுவும் கத்தக் கத்த, ரேங்க்எல் என்ற இன்னொரு சமிக்ஞை கிளம்பி, நம் எலும்பு தின்னிச் செல்களை எழுப்பிவிடுகிறது. அவைதான் கரைக்கின்றன. கிருமிக் கூட்டத்திலிருந்து எலும்பு பின்வாங்குவது, தீப்பிடித்த வீட்டிலிருந்து சாமானை எடுத்து வெளியே வீசுகிற மாதிரி. தாத்தாவின் உடம்பு சாமான் எல்லாவற்றையும் வீசிவிட்டது.

பிப்ரவரி 4

நேற்றைய குறிப்பைக் காலையில் படித்தேன், இரண்டு இடத்தில் உறுத்துகிறது.

ஒன்று, சின்ன தாத்தாவுக்கு வேறு மாதிரி ஏற்பி இருந்தது என்று நான் ஏறக்குறைய சொல்லிவிட்டேன். அதற்கு ஆதாரம் இல்லை. இரட்டையரை வைத்து 2000இல் செய்த ஆய்வில் ஈறு நோய் வேறுபாட்டில் சுமார் பாதி பரம்பரை என்று வந்தது உண்மை. டி.எல்.ஆர். 4 மரபணுவில் எழுத்துப் பிழை தேடி நிறையப் பேர் போனார்கள், ஒரு ஊரில் கிடைத்தது அடுத்த ஊரில் கிடைக்கவில்லை. அண்ணன் தம்பி இருவருக்கும் வாய்க் கிருமிகளே வேறாக இருந்திருக்கலாம். தாத்தாவுக்குச் சர்க்கரை இருந்ததா என்று யாரும் சோதித்ததில்லை, இருந்திருந்தால் அதுவே பாதிக் கதை.

இன்னொன்று, அந்த 15 வருடம். அளந்தார்கள், எழுதினார்கள், மறுபடி வந்து அளந்தார்கள். ஆர்ஹூஸ் மாணவர்களுக்கு மூன்று வாரத்தில் பிரஷ்ஷைத் திருப்பிக் கொடுத்தார்கள். 1965இலேயே தேய்த்தால் சரியாகும் என்று நிரூபித்த அதே மனிதர், 1970இல் தேய்க்கத் தெரியாதவர்களைத் தேடிப் போனார். தோட்டத்தில் அன்று பல் வைத்தியமே இல்லை, அவர்கள் வராவிட்டாலும் அந்தப் பல் விழுந்திருக்கும் என்று ஒரு பதில் உண்டு. எனக்கு அது பாதிதான் இறங்குகிறது. 2010இல் மறுபடி தேடிப் போனபோது 480இல் 75 பேர் கிடைத்தார்கள். அந்தக் கட்டுரையை என் ஆய்வேட்டில் மேற்கோள் காட்டியிருக்கிறேன், அன்று எனக்கு இது தோன்றவே இல்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பிப்ரவரி 5

"அப்போ வேப்பங்குச்சி?" தேய்க்கிற வரை எதுவானாலும் சரி. குச்சி முன்பல்லுக்கு நன்றாகப் போகும், கடைவாய் உள்பக்கம் போகாது, வியாதி அங்கேதான் குடியிருக்கும். செங்கல் பொடி வேண்டவே வேண்டாம்.

பிப்ரவரி 17

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். டாக்டரிடம் போய்க் காரை எடுத்துக்கொண்டாராம், ரத்தச் சோதனையும் பார்த்தார்களாம், எல்லாம் சரி. ரத்தம் பத்து நாளில் நின்றுவிட்டது, ஒரே ஒரு இடம் தவிர, மேலே வலது கடைசிப் பல். ஈறுக்குள் கம்பி விட்டு ஆழம் 6 மில்லிமீட்டர் என்று எழுதினார்களாம், மற்ற இடத்தில் 2, 3. லேகியத்தை நிறுத்தவா என்று கேட்கிறார்.

லேகியம் உங்கள் இஷ்டம். 6க்கு பிரஷ் எட்டாது, அடியில் இன்னும் ஆறோ ஐந்தோ வால் வைத்த யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், திரும்பப் போய் அந்த ஒரு பல்லை மட்டும் ஆழமாகச் சுரண்டிக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். வாயைப் பெரிதாகத் திறந்தால் அந்தப் பல்லுக்கு பிரஷ் போகாது, தாடை எலும்பு வந்து மறைக்கும். பாதி மூடிக்கொண்டு தேய்த்துப் பாருங்கள்.